ஸ்மித் பாட்டி வீட்டுக் குப்பைமேடு

ரெண்டு மாசமா கடையைப் பூட்டி வச்சிருந்தேன். ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயம் ஒரு பக்கம், பெட்ரோல் பங்க்ல ராத்திரி வேலை இன்னொரு பக்கம். சொந்தக் கதையைச் சொல்லி அழறதுக்கு இது இடம் இல்லை. இன்னிக்குக் கடையைத் திறக்கக் காரணம் ஒரு செடி. சிரிக்காதீங்க, உண்மையாவே ஒரு செடிதான்.

நாங்க நாலு பசங்க சிட்னியில ஈஸ்ட்வுட்ங்கிற பேட்டையில ஒரு பழைய வீட்டுல குடியிருக்கோம். வாடகை வீடு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஏஜெண்ட் வந்து வீட்டைச் சுத்திப் பார்த்துட்டுப் போவார். ஒரு வாரம் முன்னாடியே கடுதாசி வந்துடும். அந்த ஒரு வாரம் வீடே கல்யாண வீடு மாதிரி ஆயிடும். ஒருத்தன் அடுப்பைத் தேய்ப்பான், ஒருத்தன் குளியலறை, எனக்கு எப்பவும் விழறது கொல்லைப்புறம். இந்தத் தடவை அக்டோபர்ல வந்துச்சு கடுதாசி. அக்டோபர்னா இங்கே வசந்தகாலம். கொல்லையில எது எதெல்லாமோ முளைச்சு முழங்கால் உயரம் நிக்குது.

புல்லைப் பிடுங்கிக்கிட்டே வந்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்ததும் நின்னுட்டேன். அங்கே தக்காளி நாலு, பரங்கிக்கொடி ஒண்ணு, நடுவுல சாண் உயரத்துக்குத் தண்டு கெட்டியா ஒரு கன்னு. நாங்க யாரும் எதையும் நடலை. சோம்பேறித்தனத்துல ஜன்னல் வழியா எறிஞ்ச தக்காளித் தோலும், பரங்கிக் குடலும், கடிச்சு முடிச்ச ஆப்பிளும் பண்ணின வேலைன்னு புரிஞ்சுது. தக்காளியும் பரங்கியும் அடையாளம் தெரிஞ்சுது. அந்தக் கன்னு என்னன்னு தெரியலை. இலை ஓரமெல்லாம் ரம்பப் பல். "ஆப்பிள்டா இது!"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வீட்டுல மூத்தவர், யாழ்ப்பாணத்து அண்ணன், ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "உது என்னண்டு தெரியாமல் பிடுங்கிப் போடாதை"ன்னார். ஹைதராபாத்காரன் மட்டும், "ஏஜெண்ட் வந்து பார்த்தா உன்னைத்தான் பிடுங்குவார்"ன்னான்.

இப்படித் தானா முளைக்கிற செடிக்கு இங்கத்துத் தோட்டக்காரங்க வச்சிருக்கிற பேரு வாலண்டியர். யாரும் கூப்பிடாமலே வந்து ஜீப்புல ஏறுற நம்ம வடிவேலு மாதிரி! தமிழ்ல இதைவிட நல்ல சொல்லு இருக்கு: தான்தோன்றி. அந்தச் சொல்லை நாம படுத்துற பாட்டைப் பாருங்க. சிவன் தானா மண்ணுல தோன்றினா அவர் தான்தோன்றீஸ்வரர், கோயில் கட்டிக் கும்பிடுவோம். பையன் அவன் இஷ்டத்துக்கு வளர்ந்தா அது தான்தோன்றித்தனம், பெல்ட்டை எடுப்போம். செடிக்கும் இதே ரெண்டு விதிதான். எது எந்தப் பக்கம்னு முடிவு பண்றது களைக்கொட்டு யார் கையில இருக்கோ அவங்க.

எங்க ஊர்ல களைக்கொட்டு அப்பத்தா கையில இருந்துச்சு. மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னாடி இருந்த குப்பைமேட்டுல எது முளைச்சாலும் ரெண்டு இலைப் பருவத்துல யாரும் கை வைக்கக்கூடாது. "மூணாவது இலை வரட்டும்டா, அப்புறம் அது யாருன்னு அதுவே சொல்லும்"பாங்க. அந்த மேட்டுலேருந்து வந்த பரங்கி, பாகல், பப்பாளியெல்லாம் நாங்க காசு கொடுத்து வாங்கினதே இல்லை. கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வர்றேன்.

விஷயம் என்னன்னா, நான் குடியிருக்கிற இதே ஈஸ்ட்வுட்லதான், நூத்தம்பது வருஷத்துக்கு மேல முன்னாடி, ஒரு பாட்டி வீட்டுக் குப்பையில முளைச்ச ஒரு கன்னு இன்னிக்கு உலகம் பூராவும் கடையில பச்சைப் பச்சையா அடுக்கி வச்சிருக்கிற கிரானி ஸ்மித் ஆப்பிள். நம்ம ஊர்ல 'பச்சை ஆப்பிள்'னு கூடுதல் விலை சொல்லி விப்பாங்களே, அதேதான். இந்த ஊருக்கு வந்த புதுசுல தெருவெல்லாம் பச்சை ஆப்பிள் படம் தொங்கறதைப் பார்த்து ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி விளம்பரம்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, 1985-லேருந்து வருஷா வருஷம் அக்டோபர்ல பாட்டி பேர்ல திருவிழா நடத்தறாங்கன்னு. எங்க வீட்டுலேருந்து நடந்து போற தூரத்துல த்ரெல்ஃபால் தெருவுல பாட்டி பேர்ல ஒரு சின்னப் பூங்கா இருக்கு. அவங்க தோட்டமா இருந்த நிலத்துல ஒரு துண்டை 1950-ல நகராட்சி அதுக்குன்னு ஒதுக்கினது. களை பிடுங்கற வேலையைப் பாதியில போட்டுட்டு அன்னிக்குச் சாயங்காலம் அங்கேதான் போய் உட்கார்ந்தேன். ஒரு சறுக்குமரம், கொஞ்சம் புல்வெளி. உலகத்தையே சுத்தி வந்த ஒரு பழம் பிறந்த இடத்துக்கு இது ரொம்பக் கம்மிதான்.

பாட்டியோட முழுப்பேரு மரியா ஆன் ஸ்மித். பிறந்தது 1799-ல, இங்கிலாந்துல சஸ்ஸெக்ஸ் மாவட்டத்துல பீஸ்மார்ஷ்ங்கிற கிராமம். அப்பா பண்ணைக்கூலி. 1819-ல கல்யாணம் கட்டின தாமஸ் ஸ்மித்தும் பண்ணைக்கூலி. கிட்டத்தட்ட இருபது வருஷம் அங்கேயே கூலி வேலை. அந்தக் காலத்துல நியூ சவுத் வேல்ஸ் காலனிக்கு விவசாயம் தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு கென்ட், சஸ்ஸெக்ஸ் பக்கம் அரசாங்க ஆளுங்க வந்து குடும்பம் குடும்பமாச் சேர்த்துக்கிட்டுப் போனாங்க. அதுல இவங்களும் கிளம்பினாங்க. 'லேடி நியூஜென்ட்'னு ஒரு கப்பல். அஞ்சு பிள்ளைங்களோட 1838 நவம்பர் 27 சிட்னியில வந்து இறங்கினாங்க. அப்ப மரியாவுக்கு வயசு 39 இருக்கும். நான் 24 வயசுல, ரெண்டு பெட்டியோட, கையில விசாவோட வந்து இறங்கினதுக்கே விமான நிலையத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அவங்களுக்கு முன்னாடி இந்த மண்ணு காலியாக் கிடக்கலை. இது வாலமெடகல்ங்கிற பூர்வகுடிகளோட நிலம். 1792-ல கடற்படை வீரர்களுக்கு இங்கே நிலம் பிரிச்சுக் கொடுத்தாங்க. அதனால போர்க் கடவுளோட பேரை வச்சு 'ஃபீல்ட் ஆஃப் மார்ஸ்'னு இந்தப் பக்கத்துக்கே பேரு. இன்னிக்கும் மார்ஸ்ஃபீல்டுன்னு பஸ்ஸுல எழுதியிருக்கும். நிலம் யாருது, யாரு யாருக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்கங்கிற கேள்வி அந்தப் பெயர்ப்பலகையில இருக்காது. பாட்டி கதையைக் கொண்டாடுற யாரும் இதைத் தாண்டித்தான் போறாங்க. நான் தாண்டாம ஒரு வரி எழுதிட்டுப் போறேன்.

வந்து இறங்கினதும் தாமஸுக்கு ரைட் பக்கத்துல ஒரு பண்ணையார்கிட்ட வேலை, வருஷத்துக்கு 25 பவுண்டு சம்பளம். 1855 இல்லேன்னா 1856-ல ஃபீல்ட் ஆஃப் மார்ஸ் பொதுநிலத்தை ஒட்டி 24 ஏக்கர் சொந்தமா வாங்கறாங்க. விலை 605 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தா அந்த ஆரம்பச் சம்பளத்துல இருபத்து நாலு வருஷச் சம்பளம்! பதினேழு வருஷத்துல எப்படிச் சேர்த்தாங்களோ. அதுல பழத்தோட்டம் போட்டாங்க. அந்தக் காலத்து ரைட், ஈஸ்ட்வுட் பக்கமெல்லாம் பழத்தோட்டம்தான்.

இனிமேதான் கதையே. ஆனா இந்தக் கதை எப்படி நம்ம கைக்கு வந்துச்சுங்கிறது கதையை விட சுவாரசியம்.

பாட்டி இறந்தது 1870 மார்ச் 9. அவங்க வாழ்ந்த காலத்துல அந்தச் செடியைப் பத்தி அச்சுல வந்த குறிப்புன்னு நமக்குக் கிடைக்கிறது எதுவும் இல்லை. முதல்முதலா எழுத்துல வர்றது 1924 ஜூன் 25 தேதியிட்ட 'ஃபார்மர் அண்ட் செட்லர்'ங்கிற விவசாயப் பத்திரிகையில. ஹெர்பர்ட் ரம்ஸீன்னு உள்ளூர் வரலாறு சேகரிக்கிற ஒருத்தர், பாட்டியை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு விசாரிச்சு எழுதினார். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எட்வின் ஸ்மால். அவர் சொன்னது இதுதான்: 1868-ல எனக்குப் 12 வயசு. எங்கப்பாவும் பழத்தோட்டக்காரர். ஸ்மித் பாட்டி எங்க ரெண்டு பேரையும், "ஒரு புது ஆப்பிள் தானா முளைச்சிருக்கு, வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க. ஓடைக்கரையில இருந்துச்சு. டாஸ்மேனியாவுலேருந்து வந்த 'பிரெஞ்சு க்ராப்' ஆப்பிள்ல மிஞ்சினதை அங்கே கொட்டினேன், அதுலேருந்து வந்ததுன்னு பாட்டி சொன்னாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1868-ல 12 வயசுன்னா 1924-ல 68 வயசு. ஐம்பத்தாறு வருஷம் கழிச்சு ஒரு தாத்தா தன்னோட அரை டிராயர் காலத்து ஞாபகத்தைச் சொல்றார். அதுதான் நமக்கு இருக்கிற ஆதாரம். ரம்ஸீ இன்னும் ஒரு பத்து வருஷம் சோம்பேறித்தனமா இருந்திருந்தா அதுவும் போயிருக்கும். நம்ம ஊர்ல அப்படிப் போனது எத்தனையோ. எங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்ச பூசணி வகை எத்தனைன்னு நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து எழுதி வச்சதில்லை.

இதுக்கு இன்னொரு பாடமும் உண்டு. பாட்டி சமையலுக்கு பிரெஞ்சு க்ராப் ஆப்பிளைச் சோதிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்களாம், கொட்டையும் நடுப்பகுதியும் ஜன்னல் வழியா எறிஞ்சாங்களாம், ஜன்னலுக்குக் கீழேயே முளைச்சுதாம். எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்னுக்கிட்டு இதைப் படிச்சப்ப, இதுதான் உண்மையா இருக்கணும்னு மனசு துடிச்சுது. ஆனா நேர்ல போய்ப் பார்த்த பையன் சொன்னது ஓடைக்கரை. கதை அழகா இருக்கிற பக்கம் நிக்கறதா, சாட்சி இருக்கிற பக்கம் நிக்கறதான்னா நான் சாட்சி பக்கம்தான் நிப்பேன். ரெண்டு கதையிலயும் பொதுவா இருக்கிறது ஒண்ணு: குப்பை.

அதுல எனக்குப் பிடிச்ச இடம், பாட்டி பண்ணின அந்தக் கூப்பாடு. ஆப்பிள் விதையிலேருந்து வர்ற கன்னு காய்க்க சாதாரணமா ஆறேழு வருஷம் ஆகும், சிலது பத்து. அப்படின்னா 1868-ல கூப்பிட்டுக் காட்டணும்னா அது அதுக்குப் பல வருஷம் முன்னாடியே முளைச்சிருக்கணும். அத்தனை வருஷமும் ஓடைக்கரையில ஒரு முளை, அப்புறம் ஒரு குச்சி, அப்புறம் ஒரு மரம்னு அதை யாரும் வெட்டலை. காய்ச்சதும், கிட்டத்தட்ட எழுபது வயசுப் பாட்டி, பக்கத்துத் தோட்டக்காரரை, "வந்து பாருங்க, இது என்னன்னு சொல்லுங்க"ன்னு கூப்பிட்டிருக்காங்க. வெறும் அதிர்ஷ்டத்தால நடந்த காரியம் இல்லை இது. இருபத்து நாலு ஏக்கர்ல எத்தனை முளைப்பு வந்திருக்கும், எத்தனையைப் பிடுங்கி எறிஞ்சிருப்பாங்க! இதை மட்டும் விட்டு வச்சாங்கன்னா அவங்க கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு. பண்ணைக்கூலி மகளாப் பிறந்து அறுபது வருஷம் மண்ணுலயே கிடந்த கண்ணு அது.

இடையில கொஞ்சம் பயாலஜி. (மூணே நிமிஷம், ஓடிடாதீங்க.) ஆப்பிள்ல ஒரு மரத்துப் பூவுக்கு அதே வகை மரத்தோட மகரந்தம் சேராது. வேற வகை மரத்துலேருந்து தேனீ கொண்டு வரணும். அதனால ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. ஒரே பழத்துல இருக்கிற அஞ்சு விதையை நட்டா அஞ்சும் அஞ்சு விதமான மரம், நம்ம வீட்டுல அண்ணன் தம்பி மாதிரி. ஒண்ணுகூட அம்மா மாதிரியே இருக்காது. பெரும்பாலானது புளிப்பு, துவர்ப்பு, குட்டிக் குட்டிப் பழம். நல்லதா ஒண்ணு கிடைச்சா அதைப் பெருக்க ஒரே வழி ஒட்டுக் கட்டறதுதான். ஒரு குச்சியை வெட்டி வேற வேர்மேல ஒட்டணும். அப்படிப் பார்த்தா இன்னிக்கு உலகத்துல எங்கே இருக்கிற கிரானி ஸ்மித் மரமும் அந்த ஓடைக்கரை மரத்தோட கிளைதான். பாட்டியோட மரம் சாகலை. உடம்பை மாத்திக்கிட்டே இருக்கு. கூடு விட்டுக் கூடு பாயற வித்தை!

"அப்ப எங்க வீட்டு மாங்கொட்டை போட்டா அதே மாம்பழம் வருதே?"ன்னு கேக்கப் போறீங்க. சில மாவுல வரும். ஒரு கொட்டைக்குள்ள பல கரு இருக்கிற சாதி உண்டு, கேரளக் கரையோரத்துல நிறைய. அதுல பெரும்பாலான முளைகள் அம்மாவோட அச்சு அசலான நகல். ஆஸ்திரேலியாவுல ரொம்பப் பேர் விரும்பிச் சாப்பிடற 'கென்சிங்டன் பிரைட்' மாம்பழமும் அந்தச் சாதிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டோட பிற்பகுதியில க்வீன்ஸ்லாந்துல போவன்ங்கிற துறைமுகத்துலேருந்து இந்தியாவுக்குப் பட்டாளத்துக் குதிரை ஏத்திக்கிட்டுப் போன வியாபாரிங்க மூலமா அதோட கொட்டை இங்கே வந்து சேர்ந்துச்சுன்னு சொல்றாங்க. இங்கேருந்து குதிரை போச்சு, அங்கேருந்து மாங்கொட்டை வந்துச்சு. டிசம்பர்ல அதை வாங்கிக் கடிக்கும்போதெல்லாம் கணக்கு நேராயிடுச்சுன்னு தோணும். நம்ம ஊர்ப் பெரும்பாலான நல்ல மாம்பழங்கள் ஒத்தைக் கரு, விதைக்கு அடங்காது. அதனாலதான் ஒட்டு மாங்கன்னுன்னு தனியாக் காசு கொடுத்து வாங்கறோம்.

சரி, பாட்டிக்கு வருவோம். 1870-ல பாட்டி போயிட்டாங்க. 1876-ல தாத்தாவும் போயிட்டார். மரம் அத்தோட முடிஞ்சிருக்க வேண்டியது. காப்பாத்தினது எட்வர்ட் கல்லார்டுன்னு பக்கத்துப் பழத்தோட்டக்காரர். நிலத்துல ஒரு பகுதியை வாங்கி, இந்த ஆப்பிளை நிறைய ஒட்டுக் கட்டித் தோட்டமாவே போட்டார். 1890-ல காசில் ஹில் விவசாயக் கண்காட்சியில 'ஸ்மித்ஸ் சீட்லிங்'ங்கிற பேர்ல வச்சாங்க. ஸ்மித் வீட்டு முளைப்பு, அவ்வளவுதான் அர்த்தம். அடுத்த வருஷம், 1891-ல, 'கிரானி ஸ்மித்ஸ் சீட்லிங்'னு பேரு கொஞ்சம் நீண்டு, சமையல் ஆப்பிள் பிரிவுல பரிசு வாங்கிச்சு. 1895-ல மாநில விவசாயத் துறை ஏற்றுமதிக்குத் தோதான வகைகள் பட்டியல்ல இதைச் சேர்த்தாங்க. பறிச்சு வச்சா மாசக்கணக்காக் கெடாது. கப்பல்ல ஏத்த அதை விட வேற என்ன தகுதி வேணும்? அங்கேருந்து போச்சு, போச்சு, உலகம் பூரா போச்சு. 1968-ல பீட்டில்ஸ் ஆளுங்க ஆப்பிள்ங்கிற பேர்ல இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பிச்சப்ப தட்டு நடுவுல படமா உட்கார்ந்ததும் இதே பச்சைக் கிரானி ஸ்மித்துதான். எட்வின் ஸ்மால்ங்கிற பையன் ஓடைக்கரைக்குப் போய்ச் சரியா நூறு வருஷம்!

பாட்டிக்கு இதுல ஒரு பைசா வந்ததா எதுவும் இல்லை. ஆனா பேரு தங்கிச்சு. அதுகூட எல்லாருக்கும் வாய்க்கிறதில்லை. இங்கிலாந்துல பிராம்லின்னு ஒரு சமையல் ஆப்பிள், அங்கே ரொம்பப் பிரபலம். அதோட கதையைக் கேளுங்க. நாட்டிங்கம் பக்கத்துல சவுத்வெல்ங்கிற ஊர்ல 1809-ல மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டுங்கிற பொண்ணு சில விதைகளை நட்டுச்சு. (இது தானா முளைச்சதில்லை, நட்டது, ஆனா என்ன வரும்னு தெரியாம நட்டது.) அதுல ஒண்ணு மரமாச்சு. 1846-ல அந்த வீட்டை மாத்யூ பிராம்லிங்கிற கசாப்புக் கடைக்காரர் வாங்கறார். 1856-ல ஹென்றி மெர்ரிவெதர்னு 17 வயசு நாற்றங்கால்காரப் பையன் வந்து, "ஒட்டுக் கட்டக் குச்சி வெட்டிக்கலாமா?"ன்னு கேக்கறான். "தாராளமா வெட்டிக்கோ, ஆனா என் பேரைத்தான் வைக்கணும்"னுட்டார் கடைக்காரர். அந்தப் பொண்ணு இறந்தது 1852. இன்னிக்கும் அந்த ஆப்பிள் பிராம்லிதான். வீட்டை வாங்கினவன் பேரு பழத்துக்கு, விதை போட்டவ பேரு ஊர்க்காரங்க ஞாபகத்துக்கு. அங்கே மேரி ஆன், இங்கே மரியா ஆன். இவங்க அதிர்ஷ்டம், பக்கத்து வீட்டு கல்லார்டு 'கல்லார்டு ஆப்பிள்'னு பலகை எழுதி வைக்கலை. எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு தனி மரியாதை.

பேரோட காசும் வந்தா எப்படி இருக்கும்? அதுக்கும் ஒரு கதை இருக்கு. கலிஃபோர்னியாவுல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு தபால்காரர். 1920-களில் கொஞ்சம் நிலம் வாங்கி அவகாடோ போட்டார். விதை போட்டு முளைச்ச கன்னு மேல நல்ல சாதியை ஒட்டுக் கட்டணும். ஒரு கன்னுல மட்டும் ஒட்டு ஏறவே இல்லை. வெட்டிடலாம்னுதான் இருந்தார், எப்படியோ விட்டு வச்சார். அது காய்ச்சப்ப கரடுமுரடாத் தோலு, பழுத்தா கறுப்பு. பார்க்கச் சகிக்கலை. ஆனா வீட்டுப் பிள்ளைங்க அதைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாங்க. 1935-ல காப்புரிமை வாங்கினார். ஆளுங்க ஒரு கன்னு வாங்கி அதுலேருந்தே குச்சி வெட்டித் தோட்டம் பூரா ஒட்டிக்கிட்டாங்க. காப்புரிமையில அவருக்கு வந்தது மொத்தமே 5,000 டாலர் போலன்னு சொல்றாங்க. கடைசி வரைக்கும் தபால்காரராத்தான் இருந்தார். 1952-ல இறந்துட்டார். தாய்மரம் 2002 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. இன்னிக்கு உலகத்துல விக்கிற அவகாடோவுல பெரும்பகுதி ஹாஸ்.

செடிக்குக் காப்புரிமை கொடுக்கிற சட்டம் அமெரிக்காவுல வந்ததே 1930-லதான். அதுல ஒரு வில்லங்கம் இருந்துச்சு. நீ உருவாக்கினா சரி, தோட்டத்துல தானா முளைச்சுக் கிடந்ததைக் கண்டெடுத்தா அது உன்னோடதா? 1954-ல சட்டத்தைத் திருத்தி, புதுசாக் கண்டெடுத்த முளைப்புகளுக்கும் உண்டுன்னு வெளிப்படையா எழுதினாங்க. ஆனா பராமரிப்பே இல்லாத காட்டு இடத்துல கண்டெடுத்தா கிடையாது. அதாவது வேலிக்கு இந்தப் பக்கம் முளைச்சா உன் சொத்து, அந்தப் பக்கம் முளைச்சா இயற்கையோட சொத்து. ஸ்மித் பாட்டி ஓடைக்கரையில கொட்டின குப்பை இந்தச் சட்டத்துல எந்தப் பக்கம் வரும்னு பூங்கா பெஞ்சுல உட்கார்ந்து ரொம்ப நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். தோட்டத்து ஓடைதான், ஆனாலும் குப்பைமேடு சாகுபடி நிலமா? சட்டம் படிக்கிற பதிவர்கள் யாராவது பின்னூட்டத்துல தீர்ப்பு சொல்லுங்க.

இத்தனையும் மண்டையில ஏறினதுக்கப்புறம் நான் அந்தக் கன்னைப் பிடுங்குவேனா? கடையில வாங்கற ஆப்பிள் குளிர் கிடங்குல மாசக்கணக்கா இருந்துட்டு வர்றதால அதோட விதைக்குத் தேவையான 'குளிர்காலம்' உள்ளேயே முடிஞ்சுடும், எறிஞ்சா சுலபமா முளைக்கும்னு வேற படிச்சுத் தொலைச்சிருந்தேன். ஸ்மித் பாட்டி மண்ணு, ஜன்னலுக்குக் கீழே, சமையல் குப்பையில. இதுக்கு மேல சகுனம் வேணுமா? என் மாணவர் விசா இன்னும் ரெண்டு வருஷம். மரம் காய்க்க ஆறேழு வருஷம். கணக்கு இடிச்சுது. இருந்தாலும் பக்கத்துல ஒரு குச்சி ஊன்றிக் கட்டினேன். பரங்கிக்கொடியைப் பிடுங்கினேன் (மன்னிச்சுடு அப்பத்தா). தக்காளியில ரெண்டை மட்டும் விட்டேன். கன்னை மறைச்சுத் துணி காயப்போடற ஸ்டாண்டைத் தூக்கி வச்சு ஏழெட்டுச் சட்டையும் தொங்க விட்டாச்சு.

ஏஜெண்ட் வந்தார். அடுப்பைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், கொல்லைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார், "நல்லா இருக்கு"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். மொத்தம் ஆறு நிமிஷம்.

அன்னிக்குச் சாயங்காலம் சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டிருந்தப்ப வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி எட்டிப் பார்த்தாங்க. எங்களுக்குள்ள பேச்சுன்னு ஒண்ணும் பெருசாக் கிடையாது, கையசைப்பும் சிரிப்பும்தான். எனக்கு என்ன தோணுச்சோ, ஸ்டாண்டை நகர்த்திட்டு, "பாட்டி, இங்கே வந்து பாருங்க, இது என்ன?"ன்னு சைகை காட்டினேன். அவங்க சுத்திக்கிட்டு வந்து குனிஞ்சாங்க. ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால தடவினாங்க. வெள்ளையா மெத்துன்னு ரோமம். நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கலை. சிரிச்சுக்கிட்டே, "பிபா, பிபா"ன்னாங்க. என் காதுல பீப்பாய்னு விழுந்துச்சு. அப்புறம் போன்ல அவங்க மொழியில பேசி என்கிட்ட திருப்பிக் காட்டினாங்க: லோக்காட்.

ஆப்பிள் இல்லை. லோக்காட். சிட்னியில இதுக்குக் களைன்னே பேரு. பறவையும் வவ்வாலும் தின்னுட்டு ஊரெல்லாம் போட்டுட்டுப் போகும். எங்க குப்பைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை போல. பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாங்க. அவங்க வீட்டு மரம், மஞ்சள் மஞ்சளாக் கொத்துக் கொத்தாப் பழம். இத்தனை மாசமாத் தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கேன். அது அம்மா, இது பிள்ளைன்னு ரெண்டு கையையும் உயரமாவும் பள்ளமாவும் வச்சுக் காட்டினாங்க. குச்சி சரியா நிக்கலைன்னு பிடுங்கி, அவங்களே மறுபடி ஆழமா ஊன்றிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் நிறையப் பழம் கொண்டு வந்து கொடுத்தாங்க.

நாலு பேரும் சமையலறையில நின்னுக்கிட்டே காலி பண்ணினோம். நல்ல இனிப்பு, ஓரத்துல லேசாப் புளிப்பு, உள்ளே வழவழன்னு பெரிய பெரிய கொட்டை. கொட்டையை எங்கே துப்பினோம்னு மட்டும் கேக்காதீங்க :-)